நித்தியகல்யாணி: வளர்ப்பும் பயனும்

நாடோறும் கண்ணெதிரே நிற்கும் பொருளை ஊன்றி நோக்குவார் உலகில் மிகச் சிலரே. அரிதிற் கிடைப்பதனைப் போற்றுதலும், எளிதிற் கிடைப்பதனைப் புறக்கணித்தலும் மாந்தர்க்கு இயல்பாய்விட்டன. வீட்டு வாயிலிலும், வேலியோரத்திலும், மதிற்சுவரின் வெடிப்பிலும், கல்லறைத் தோட்டத்திலும் தானே முளைத்து ஆண்டு முழுதும் பூத்து நிற்கும் நித்தியகல்யாணி இங்ஙனம் புறக்கணிக்கப்பட்ட செடிகளுள் ஒன்று. அதனை நட்டு வளர்ப்பாருள் பலர் அதன் பிறப்பிடம் அறியார். அதன் இலையைப் பறித்து மருந்தென்று மெல்லுவார் அதன் நஞ்சினை அறியார். அதனாற் பிழைத்த குழந்தைகளோ அதன் பெயரும் அறியார். ஆதலின் இச்செடியின் தாயகம், உருவம், வளர்க்கும் முறை, மருத்துவப் பயன் ஆகியவற்றை முறையே எடுத்துரைக்க யாம் விழைகின்றோம். இதனை வளர்த்தற்கும் இதன் மருந்தினைக் கையாளுதற்கும் பொதுவாயதொரு விதியுண்டு. அஃது அளவறிதல் என்பது. அவ்விதியைப் படிப்போர் இடந்தோறும் கண்டுகொள்வாராக.

பெயரும் தாயகமும்

நித்தியம், கல்யாணம் என்னும் இரு வடசொற்கள் இயைந்து அமைந்தது இப்பெயர். கல்யாணம் என்பதற்கு ஈண்டுத் திருமணம் என்பது பொருளன்று. மங்கலம் என்பதே பொருள். பூவின்றி வெறுமையாய் ஒருநாளும் நில்லாது, என்றும் மங்கலமாய் விளங்குவது என்பது கருத்து. இந்தி மொழியினர் இதனைச் சதாபஹார் என்பர். எந்நாளும் இளவேனில் என்பது அதன் பொருள். வங்காளியர் நயன்தாரா, அஃதாவது கண்மணி, என்பர். நடுவே வட்டமான செம்பொட்டுடைய வெண்பூவைக் கண்டார்க்கு அப்பெயரின் பொருத்தம் எளிதில் விளங்கும்.

ஆயினும், இச்செடிக்கே தமிழிற் சுடுகாட்டுமல்லி என்றும், மலையாளத்திற் சவக்கோட்டைப்பச்சை என்றும் வேறு பெயர்கள் வழங்குகின்றன. நீர் வார்ப்பாரும் களை பறிப்பாரும் இல்லாத இடுகாட்டிலும் இது வாடாது பூத்தலின் அப்பெயர்கள் பெற்றது போலும். ஒரு செடிக்கே மங்கலப் பெயரும் அமங்கலப் பெயரும் அமைந்தமை வியப்பன்றோ? இரண்டும் பொருந்துவனவே என்பது பின்னர்ப் புலனாம்.

சங்கப் புலவர் இப்பூவைப் பாடிலர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறிய 99 பூக்களுள் இதற்கு இடமில்லை. ஏனெனில் இது நம் நாட்டில் தோன்றியதன்று. ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கிழக்கே, மொசாம்பிக் கால்வாய்க்கு அப்பால், இந்துமாக் கடலிற் கிடக்கும் மடகாஸ்கர்த் தீவே இதன் தாயகம். பரப்பினால் உலகத் தீவுகளுள் நான்காவதாகிய அத்தீவில், வேறெங்கும் காணப்படாத செடிகளும் உயிர்களும் மிகப் பல. இச்செடியின் பேரினத்தில் 8 இனங்கள் உள. அவற்றுள் 7 மடகாஸ்கருக்கே உரியவை. எஞ்சிய ஒன்று இந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் சிறு பூண்டு.

பாரிஸ் மாநகரத்து அரசர் தோட்டத்திலிருந்து வந்த விதைகளை இலண்டனைச் சார்ந்த செல்சி மருந்துச்செடித் தோட்டத்தில் முளைப்பித்துப் பூக்கச் செய்த பிலிப் மில்லர் என்பார், 1757-ஆம் ஆண்டில் இச்செடியை ஓவியத்துடன் விவரித்தார். ஈராண்டு கழித்து, 1759-இல், லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் இதற்கு வின்கா ரோசியா எனப் பெயரிட்டார். ஐரோப்பியச் செடியாகிய வின்காவினின்றும் இது வேறு எனக் கண்ட பிற்காலத்தார் இதனைக் கேதராந்தஸ் ரோசியஸ் என வழங்கினர். கேதராந்தஸ் என்னும் கிரேக்கத் தொடர்க்குத் தூய பூ என்பது பொருள். தோட்டத்தின் அழகுக்கெனக் கொண்டுசெல்லப்பட்ட இச்செடி இன்று வெப்ப நாடுகள் எங்கும் பரவி, ஆங்காங்குள்ள மண்ணுக்கே உரியது போலத் தோன்றுகின்றது.

உருவம்

நித்தியகல்யாணி இரண்டு அல்லது மூன்றடி உயரம் வளரும் சிறு புதர்ச்செடி. இலைகள் கணுவுக்கு இரண்டாய் எதிரெதிரே நிற்கும், பளபளப்பானவை, நடுநரம்பு வெளிறியிருக்கும். பூவின் அடிப்பகுதி ஒரு மெல்லிய குழல். அதன் மேல் ஐந்து இதழ்கள் தட்டையாய் விரிந்திருக்கும். இளஞ்சிவப்பு, வெள்ளை, செம்பொட்டுடைய வெள்ளை ஆகிய மூன்றும் தொன்றுதொட்டு வழங்கும் நிறங்கள். இக்காலத்துத் தோட்டக்கலை வல்லார் ஊதா, கடுஞ்சிவப்பு முதலிய பல நிறங்களையும் தோற்றுவித்துள்ளனர். மகரந்தமும் சூல்முடியும் குழலின் உள்ளே மறைந்திருத்தலின் நீண்ட நாவுடைய வண்ணத்துப்பூச்சி முதலியனவே அவற்றை எட்டவல்லன. பூ உதிர்ந்தபின் மெல்லிய காய்கள் இரண்டிரண்டாய்த் தோன்றும். முதிர்ந்த காய் ஒரு பக்கம் வெடித்துச் சிறிய கருநிற விதைகளைச் சிதறும்.

இஃது அரளியின் குடும்பத்தைச் சார்ந்தது. அக்குடும்பத்துச் செடிகள் பலவற்றில் நஞ்சு உண்டு. இதன் தண்டையோ இலையையோ கிள்ளினால் பால் கசியும், சுவை கடுங்கசப்பு. ஆடுமாடுகள் இதனைத் தீண்டாது செல்வதும், வேலியற்ற இடத்திலும் இது பிழைத்திருப்பதும் இக்கசப்பினாலேயே. வாயில்லா உயிர்கள் அறிந்து விலகும் இச்செடியை, அறிவுடைய மாந்தர் ஆராயாது உண்ணுதல் இரங்கத்தக்கது. அதனைப் பின்னர் உரைப்பாம்.

விதையும் நாற்றும்

காய் பச்சை நிறம் மாறி மஞ்சளாகத் தொடங்கும்போதே, வெடிக்குமுன், அதனைப் பறித்து நிழலில் உலர்த்தி விதையெடுத்தல் வேண்டும். ஒருநாள் தாழ்ப்பினும் விதை மண்ணிற் சிந்திப் போகும். நெடுங்காலம் வைத்த விதையினும் புதுவிதையே நன்கு முளைக்கும்.

இவ்விதையின் தனியியல்பு ஒன்றுண்டு. வெளிச்சம் பட்டால் இது செவ்வனே முளையாது, இருளிலேயே முளைக்கும். ஆதலின் மணல் ஒரு பங்கும் மட்கிய எரு ஒரு பங்கும் கலந்த பாத்தியில் விதையைத் தூவி, அதன்மேற் பொடிமணலைக் கால் அங்குல அளவு பரப்பி, பூவாளியால் மெல்ல நீர் தெளித்தல் வேண்டும். ஓலையோ வைக்கோலோ மூடி வைத்து, முளை கண்டவுடன் அதனை நீக்கிவிடல் வேண்டும். வெப்பமான பருவத்தில் ஏறக்குறைய பத்து நாளில் முளை தோன்றும். மூடாக்கை நீக்கத் தாழ்ப்போமாயின் நாற்றுகள் வெளிறி நீண்டு சாய்ந்துபோம். முளைக்கும்வரை இருளும், முளைத்தபின் ஒளியும் இதற்கு வேண்டுவன.

நாற்றுக்கு இரண்டு மாதம் நிரம்பியபின் பெயர்த்து நடலாம். பூந்தோட்டத்தில் ஓரடிக்கு ஒரு செடியாக நடுதல் அமையும். மாலை வேளையில், வேர்மண் உதிராமல் எடுத்து நடுதல் நலம். கிளைத்துண்டுகளாலும் இதனைப் பெருக்கலாம். நான்கைந்து அங்குல நீளமுள்ள இளங்கிளையை வெட்டி, கீழிலைகளை நீக்கி, ஈரமணலில் ஊன்றி நிழலில் வைத்தால் வேர்விடும். விதையினின்று தோன்றும் செடி தாயின் நிறத்தினின்று மாறுதலும் உண்டு. கிளைத்துண்டு தாயின் நிறத்தையே தரும்.

மண்ணும் நீரும் ஒளியும்

நீர் தேங்காத மணற்பாங்கான செம்மண் இதற்கு ஏற்றது. களிமண்ணாயின் மணலும் இலைமக்கும் கலந்து பாத்தியைச் சற்றே உயர்த்தல் வேண்டும். சுண்ணாம்பும் உவரும் மிகுந்த மண்ணில் இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பசுமையாய் நிற்க, இடைப்பகுதி மஞ்சளாய் வெளிறும். அஃது இரும்புச்சத்து வேருக்கு எட்டாமையால் வருவது. அவ்வமயம் நீரை மேன்மேலும் பெய்தலாற் பயனில்லை. மட்கிய எருவிட்டு மண்ணைத் திருத்தலே வழி.

நாளெல்லாம் வெயில் படும் இடமே இதற்கு உரியது. நிழலில் இலை மலியும், பூக் குறையும். உறைபனியை இது தாங்காது. அதனால் குளிர்நாட்டார் இதனை ஒருபருவச் செடியாகவே வளர்ப்பர்.

நீரைப்பற்றித் தோட்டக்காரர் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டுவது ஒன்று. இச்செடி வறட்சியால் இறப்பதினும் மிகுநீரால் இறப்பதே பெரும்பான்மை. மேல்மண் ஓர் அங்குலம் உலர்ந்தபின்னரே மீண்டும் நீர் வார்த்தல் வேண்டும். தொட்டியில் வளர்ப்போர் அதன் அடித்துளை அடைபடாமல் ஓட்டுச்சில்லு இட்டு, அதன்மேல் மண் நிரப்புவாராக. நீரை இலைமேற் கொட்டாமல் வேரடியில் விடுதல் வேண்டும்.

எருவும் அவ்வாறே. நடும்போது ஒரு கூடைத் தொழுவுரமும், பின்னர் ஆண்டுக்கு இருமுறை சிறிது மட்கிய எருவும் இட்டால் ஒரு சிறு பாத்திக்கு அமையும். அளவின்றி எருவிட்டால் இலை தழைக்கும், பூ அருகும். பசியே இல்லாத செடி பூக்க மறுக்கும் போலும்!

செடி அரையடி வளர்ந்தவுடன் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் தோன்றிப் புதர் செறியும். இரண்டு மூன்று ஆண்டுகளில் அடித்தண்டு மரம்போல் முற்றி இலையற்று நிற்கும். அதுகாறும் காத்திராமல், ஆண்டுதோறும் மழைக்கு முன்னர்க் கிளைகளை அரையளவு கழித்துவிடுதலும், முதிர்ந்த செடிக்கு மாறாக இளஞ்செடியை நடுதலும் வேண்டும்.

நோய்கள்

மழைக்காலத்தில் நுனி கருகிக் கிளை மேலிருந்து கீழாகக் காய்ந்துவரின் அது பூசணத்தால் வரும் நுனிக்கருகல். நீர் தேங்கிய நிலத்தில் வேரழுகலும் உடன்வரும். நோயுற்ற கிளையைக் கருகலுக்குக் கீழே நல்ல பகுதிவரை வெட்டி எரித்துவிடல் வேண்டும்; வேர் அழுகியதாயின் செடியையே களைதல் வேண்டும். அவ்விடத்தில் உடனே மீண்டும் இதனையே நடலாகாது.

மற்றொரு நோயில் இலைகள் மிகச் சிறுத்து நெருங்கும். பூவிதழ்கள் நிறமிழந்து பச்சை இலைபோல் மாறும். புதுமையென்று கருதி இதனைப் போற்றுவாரும் உளர். இது தத்துப்பூச்சியால் ஒரு செடியினின்று மற்றொன்றுக்குப் பரவும் நுண்ணுயிர் நோய். இதற்கு மருந்திட்டுக் காத்தல் இயலாது. பிடுங்கி எரித்தலே ஏனைச் செடிகளைக் காக்கும் வழி.

மருந்து கண்ட வரலாறு

பல நாட்டு மக்கள் இதன் இலையை நீரிழிவுக்கு மருந்தென நெடுங்காலமாகக் கருதி வந்துள்ளனர். 1952-ஆம் ஆண்டில் ஜமைக்காத் தீவிலிருந்து இவ்விலைகள் சில கனடா நாட்டு மருத்துவர் கிளார்க் நோபிள் என்பார்க்கு வந்தன. அவர் அவற்றைத் தம் உடன்பிறந்தாராகிய இராபர்ட் நோபிள் என்பார்க்கு அனுப்பினார். மேற்கு ஒன்டாரியோப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த அவர், இலைச்சாற்றை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். இரத்தத்திலுள்ள சர்க்கரை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பின்னர் ஊசிவழி ஏற்றியபோது எலிகள் சில நாளில் நோய்த்தொற்றால் மடிந்தன. தேடிய பயன் கிட்டவில்லை என்று வாளா விடாது, அவை மடிந்தது ஏன் என ஆராய்ந்தார். எலிகளின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கக் கண்டார். வெள்ளணுக்கள் வரம்பின்றிப் பெருகுதலே இரத்தப் புற்றுநோயின் இயல்பாதலின், அவற்றைக் குறைக்கும் பொருள் அந்நோய்க்கு மருந்தாதல் கூடும் என்பது அவர்க்கு விளங்கிற்று.

1954-இல் சார்ல்ஸ் பீர் என்னும் இரசாயன அறிஞர் அவருடன் சேர்ந்தார். இருவரும் உழைத்துப் பிரித்தெடுத்த பொருளின் செய்தி 1958-இல் வெளியாயிற்று. அதுவே வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்க நாட்டில் எலை லில்லி மருந்து நிறுவனத்தாரும் தனியே இச்செடியை ஆராய்ந்து வந்தனர். வின்கிரிஸ்டின் என்னும் மற்றொரு பொருள் அவர்தம் முயற்சியால் வெளிப்பட்டு, 1963-ஆம் ஆண்டில் அந்நாட்டில் மருந்தாக ஏற்கப்பட்டது. இவ்விரண்டும் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

உயிரணு இரண்டாகப் பிரியுங்கால் அதனுள் நுண்குழல்கள் தோன்றி மரபிழைகளை இருபாலும் ஈர்க்கும். இம்மருந்துகள் அக்குழல்கள் அமையாவாறு தடுத்துவிடும். அணு பிரியமாட்டாது மடியும். விரைந்து பிரியும் புற்றணுக்களே இதனால் மிகுதியும் தாக்குண்ணும். குழந்தைகளுக்கு வரும் கடிய இரத்தப் புற்றுநோயில் முன்னர்ப் பிழைத்தார் மிக அரியர். வின்கிரிஸ்டினை ஏனைய மருந்துகளுடன் சேர்த்து முறையாக அளிக்கத் தொடங்கியபின் நிலைமை மாறிற்று. மருத்துவ வசதி நிறைந்த நாடுகளில் இன்று அந்நோயுற்ற குழந்தைகளுள் ஏறக்குறைய பத்தில் ஒன்பதின்மர் பிழைக்கின்றனர். அவ்வசதி எட்டாத நாடுகளில் அத்துணைப் பேர் பிழைப்பதில்லை என்பதும் மறக்கற்பாலதன்று.

நஞ்சும் அமுதும்

இலையில் இம்மருந்தின் அளவு மிகச் சிறிது. 1 கிராம் வின்பிளாஸ்டின் பெற ஏறக்குறைய 500 கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும். 1 கிராம் வின்கிரிஸ்டினுக்கோ ஏறக்குறைய 2,000 கிலோகிராம் வேண்டும். கேதராந்தின், விண்டோலின் என்னும் இரு பொருள்கள் கூடியே வின்பிளாஸ்டின் உண்டாகின்றது. அவ்விரண்டும் இலையில் ஓரிடத்தில் இருப்பதில்லை. முன்னது இலையின் புறத்தே மெழுகுப் படலத்திலும், பின்னது அகத்தே உள்ள அணுக்களிலும் தங்குகின்றன என 2010-இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். கூடுவது அரிதாகலின் மருந்தும் அரிதாயிற்று. 2022-இல் ஈஸ்ட் என்னும் நொதியுயிரின் மரபினை மாற்றி அவ்விரு பொருள்களையும் அதனிடத்தே விளைவித்து, பின்னர் அவற்றை இணைத்து வின்பிளாஸ்டின் ஆக்கிக் காட்டினர்.

வின்கிரிஸ்டின் ஒருமுறைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றப்படுவதில்லை. அஃது ஓர் அரிசியின் எடையிற் பத்தில் ஒரு பங்களவே. அவ்வளவு சிறிதும் நரம்புகளைத் தாக்கிக் கைகால்களை மரக்கச் செய்தல் உண்டு. குருதிநாளத்தில் ஏற்றவேண்டிய இதனைத் தவறி முதுகுத்தண்டின் நீரில் ஏற்றின் உயிர்க்கே முடிவாம். இத்துணை நுட்பமாக அளந்து, இரத்தத்தைச் சோதித்துச் சோதித்து மருத்துவர் அளிக்கும் பொருள், அளவின்றியும் தூய்மையின்றியும் கலந்து கிடப்பதே பச்சையிலை. காலையில் வெறுவயிற்றில் இலையும் பூவும் மென்றால் நீரிழிவு நீங்கும் என்று நம்பி, மருத்துவர் தந்த மருந்தையும் நிறுத்திவிடுவார் உளர். அவர்க்கு இருவகைக் கேடு உண்டு: ஒன்று, நோய் உள்ளே முதிர்தல், மற்றொன்று, இலையிலுள்ள நஞ்சு உடலைத் தாக்குதல். கருவுற்ற மகளிர்க்கு இது மிகத் தீது. புற்றுநோய்க்கு மருந்து இச்செடியிற் கிடைத்தது உண்மை. ஆயின் இவ்விலைச்சாறு புற்றுநோயைத் தீர்க்கும் என்பது உண்மையன்று. தங்கம் மலையிற் பிறக்கும் என்பதனால் கல்லை அணிகலமாகப் பூணுவார் உண்டோ?

தாயகத்துக்குப் பட்ட கடன்

மடகாஸ்கரின் தென்பகுதியில் ஏழை உழவர் இச்செடியைப் பயிரிட்டும் பறித்தும் உலர்த்தி, மருந்து செய்யும் நாடுகளுக்கு ஏற்றுமதிக்காக விற்று வந்துள்ளனர். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலும் இது மானாவாரிப் பயிராக விளைவிக்கப்பட்டு, இலையும் வேரும் விற்கப்படுகின்றன. ஆயினும், இம்மருந்துகளால் வந்த பெருஞ்செல்வத்தில் இச்செடியின் தாயகத்துக்குப் பங்கு தரும் ஒப்பந்தம் எதுவும் அந்நாளில் இருந்ததில்லை. செடிகொடிகள் தோன்றிய நாட்டுக்கும், அவற்றின் பயனைக் காத்துவந்த மக்களுக்கும் ஊதியத்தில் உரிமையுண்டு என்னும் கொள்கை, 1992-ஆம் ஆண்டின் உயிர்ப்பன்மை உடன்படிக்கையிலேதான் உலக நாடுகளால் ஏற்கப்பட்டது. அதற்கு முப்பதாண்டு முன்னரே நித்தியகல்யாணியின் மருந்து விலைக்கு வந்துவிட்டது.

கொடுத்தவன் ஏழையாகவும் கொண்டவன் செல்வனாகவும் இருந்துவிடுதல் நீதியாகாது. மடகாஸ்கரின் காடுகளிற் பெரும்பகுதி, மரங்களை வெட்டியெரித்துப் பயிரிடும் வழக்கத்தாலும் பிற காரணங்களாலும் அழிந்துவிட்டது. வறுமையே அவ்வழிவுக்கு ஒரு பெருங்காரணம். பெயரறியாத எத்தனை செடிகள் தம் பயனை எவர்க்கும் உணர்த்தாமலே அங்கு மறைகின்றனவோ! பிழைத்த குழந்தைகளின் பொருட்டு நன்றி செலுத்தும் நாம், அத்தீவின் காடுகள் நிலைபெறவும் மக்கள் வாழவும் வேண்டுதல் கடமையாம்.

முடிவுரை

சுருங்கக் கூறின், நித்தியகல்யாணிக்கு நீர் மிகினும் கேடு. எரு மிகினும் கேடு. அதன் மருந்து மிகினும் கேடு. அளவறிந்து பேணுவார்க்கு அது முற்றத்தில் அழகும், மருத்துவமனையில் உயிரும் ஆகும். அளவறியார்க்கோ அதன் மற்றைப் பெயரே பொருந்துவதாய்விடும். முன்னர்க் கூறிய மங்கலப் பெயரும் அமங்கலப் பெயரும் இவ்வாறே தத்தம் இடத்தில் மெய்யாகின்றன.

நம் கல்லூரித் தோட்டத்திலும் விடுதி முற்றங்களிலும் இச்செடி வளரும் இடந்தோறும் அதன் பெயர், தாயகம், பயன் ஆகியவற்றை எழுதிய சிறு பலகை ஒன்று நாட்டுதல் நன்று. அதன் அடியில், இலையை உண்ணற்க என்னும் ஒருவரியும் இருத்தல் வேண்டும். காட்டுப்பூவைக் காட்டிச் சீடர்க்குப் போதித்த நம் ஆண்டவர் எளிய செடியையும் பாடநூலாகக் கருதினார். அப்பாடத்தைப் படிக்கவிழைவார்க்கு ஒரு பிடி மணலும், சில விதைகளும், நாளும் ஒருமுறை குனிந்து நோக்கும் பொறுமையுமே வேண்டுவன.